வழிமொழிய ஒரு ஆள்

எங்கள் பேரூராட்சி மன்றத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, வார்டு எண்தான். நான் மூணு. என் மனைவியின் பெரியப்பா மகன் பதினொண்ணு. அவர் அந்தக் கட்சி, நான் இந்தக் கட்சி. இங்கே நான் சொல்ல வந்த அம்மா எட்டு. “எட்டு வந்துருச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் தலைவர் மணியை அடிப்பார். வரவில்லை என்றால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அன்றைக்குக் கூட்டம் அரை மணி நேரத்தில் முடிந்து, வடை சூடாக இருக்கும்போதே கைக்கு வந்துவிடும்.

ஊர்ப் பெயர் வேண்டாம். மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகிற வழியில் இருக்கிறது, அது போதும். சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், என்னைப் பார்த்தால் கும்பிடவும் செய்கிறார்கள். மொத்தம் பதினைந்து வார்டு. எங்களுக்கு ஏழு, அவர்களுக்கு ஏழு, நடுவில் இந்தம்மா மட்டும் சுயேச்சை. முப்பத்தைந்து வயதிருக்கும். சந்தைப் பக்கம் ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருந்தார். தலைவர் தேர்தலுக்கு முன்னால் இரண்டு கட்சிக்காரர்களும் அந்தக் கடை வாசலுக்கு நடையாய் நடந்தோம். கடைசியில் அவர் யாருக்குமே ஓட்டுப் போடவில்லை. ஏழுக்கு ஏழு என்று நின்று, குலுக்குச் சீட்டில் நாற்காலி அவர்கள் பக்கம் போய்விட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வராந்தாவில் வைத்தே கேட்டேன்.

“ஏம்மா, ஒரு ஓட்டு. போட்டா கொறஞ்சா போயிருவ?”

“ரெண்டு பேரும் என்ன செய்யப் போறீங்கன்னு சொல்லலண்ணே. அவுகள விட நாங்க நல்லவுகன்னுதான் சொன்னீங்க. அத நான் எங்க போயிப் பாக்குறது?”

பார்க்காமல் கை தூக்க மாட்டார். அவரைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். செலவுப் பட்டியலில் ஏதாவது ஒன்றை வாசித்தால் எழுந்துவிடுவார். “அது எங்க இருக்கு?” இடத்தைச் சொன்னால், “போயிப் பாத்துட்டு வாரேன். அடுத்த கூட்டத்துல சொல்றேன்” என்று உட்கார்ந்துவிடுவார். நாங்கள் பதினாலு பேரும் வாசிப்பது முடிவதற்குள் கையைத் தூக்கிவிடுகிறவர்கள். சில பேருக்கு இன்னொரு கையில் போன் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு தடவை பிளீச்சிங் பவுடர் வாங்கிய பில் வந்தது. மறுநாளே சாமான் அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குப் போய், மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, கையை விட்டு அள்ளி மோந்து பார்த்திருக்கிறார். பாதி மூட்டை வெறும் சுண்ணாம்பு. சப்ளை செய்தது தலைவருடைய ஆள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சந்தை முக்கில் மைக் கட்டிப் பேசினேன். எட்டாம் வார்டு உறுப்பினரின் துணிச்சலை எங்கள் கட்சியே கண்டுபிடித்து வளர்த்தது போலப் பேசினேன். அவர் எதிர்க் கடையில் தைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த மாதமே என் வார்டுக்கு வந்துவிட்டார். வாய்க்காலுக்கு மேலே புதிதாகப் போட்ட சிறுபாலம். எடுத்துக் கட்டியவர் எங்கள் கட்சிக்காரர், எனக்கும் வேண்டியவர். கழுத்தில் தொங்குகிற டேப்பை எடுத்து, குனிந்து குனிந்து, ஜாக்கெட்டுக்கு அளக்கிற மாதிரியே அளந்தார். அகலம் ஒரு அடி குறைந்தது. ஜனங்கள் கூடிவிட்டார்கள்.

“ஒரு அடிதானம்மா. அதுல யாரு விழுந்துரப் போறா?” என்றேன்.

“ஒரு இஞ்சு கொறஞ்சா எங்கிட்ட ஜாக்கெட்ட மூஞ்சில எறிஞ்சிட்டுப் போறாகண்ணே. நீங்க ஒரு அடிக்கு முழுப் பணம் குடுக்கச் சொல்றீங்க.”

அன்றிலிருந்து அவர் துணிச்சலைப் பற்றி நான் எங்கும் பேசவில்லை. பில் தொகையில் பிடித்தம் செய்துதான் கொடுத்தார்கள். எனக்கு வேண்டியவர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

மன்றத்தில் நாங்கள் அடித்துக்கொள்வது பெரும்பாலும் வரியைப் பற்றித்தான். வீட்டு வரியை ஏற்ற வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். மேலேயிருந்து வருகிற நிதி குறைந்துவிட்டது, மோட்டாருக்குக் கரண்டு கட்ட வேண்டும், வரி வாங்காமல் தண்ணீர் எங்கேயிருந்து வரும் என்பார் பதினொண்ணு. கீரை விற்கிறவன் தலையில் கை வைக்காதே, முதலில் உன் வெட்டிச் செலவைக் குறை என்பேன் நான். இரண்டுமே நியாயமான பேச்சுதான், இப்போது யோசித்தாலும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. பேசும்போது தொண்டை நரம்பு புடைக்கும், மேசையைத் தட்டுவேன், ஒரு தடவை தண்ணீர் டம்ளர் உடைந்தது. மறுநாள் ஏதாவது காதுகுத்தில் நானும் பதினொண்ணும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுவோம்.

இதை எட்டு ஒரு வருஷம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அலுவலகத்து அலமாரியிலிருந்து பழைய தீர்மானப் புத்தகங்களை எடுத்து, மூன்று நாள் மத்தியானம் உட்கார்ந்து வாசித்திருக்கிறார். அடுத்த கூட்டத்தில் எழுந்து, இரண்டு பேச்சை வாசித்துக் காட்ட அனுமதி கேட்டார். முதல் பேச்சு, வரியை உயர்த்தாமல் வளர்ச்சி எப்படி வரும், ஊருக்குச் செய்ய மனமில்லாதவர்கள்தான் எதிர்ப்பார்கள் என்று போனது. பதினொண்ணு தலையாட்டிக்கொண்டே கேட்டார். இரண்டாவது பேச்சு, ஏழை வயிற்றில் அடிக்காதீர்கள், முதலில் செலவைக் குறையுங்கள் என்று போனது. நான் மேசையைத் தட்டினேன். முடித்துவிட்டு, “மொதப் பேச்சு மூணாம் வார்டு அண்ணன் போன மன்றத்துல பேசுனது. அப்ப மேலயும் கீழயும் அந்த அண்ணன் கட்சி ஆட்சி. ரெண்டாவது பதினொண்ணு அண்ணன் பேசுனது. ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசிருக்கீங்க. பேப்பர மட்டும் மாத்திப் பிடிச்சிருக்கீங்க” என்றார்.

செயல் அலுவலர் சிரிப்பை அடக்க முடியாமல் கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்தில், இந்தப் பொம்பளையை அடுத்த தேர்தலில் டெபாசிட் இழக்க வைக்காவிட்டால் என் பேர் மூணு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது வருஷம் பட்ஜெட்டில் துண்டு விழுந்தது. ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று மேலிடத்துக் கடிதம் வந்துவிட்டது. அவர்கள் வரியை ஏற்றச் சொன்னார்கள். நான் செலவைக் குறைக்கச் சொன்னேன்.

“எந்தச் செலவண்ணே?” என்றார் எட்டு.

“ஆள் செலவு. தினக்கூலிக்கு எம்புட்டுப் பேரு சுத்துறாங்க.”

“எந்த ஆளு?”

வாயில் வந்ததைச் சொன்னேன். தெருக் கூட்ட எடுத்த தினக்கூலி ஆட்களில் நாலு பேரை நிறுத்தலாம் என்றேன். அவர்கள் வருஷச் சம்பளமும் துண்டு விழுந்த தொகையும் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது, அதனால் அது பெரிய யோசனை மாதிரி அந்த நேரத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. அந்த நாலு பேர் யார் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. எங்கள் தெருவைக் கூட்டுகிற வயதான அம்மா அதில் ஒருவர் என்று பட்டியலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

எட்டு வழக்கம்போல, “பாத்துட்டு வாரேன்” என்றார். அந்த நாலு பேரோடு ஒரு வாரம் காலையில் தள்ளுவண்டி கூடவே நடந்தார். எந்தத் தெருவில் எத்தனை வண்டிக் குப்பை, யார் எந்தச் சாக்கடையை அள்ளுகிறார்கள் என்று ஜாக்கெட் அளவு எழுதுகிற நோட்டிலேயே குறித்துக்கொண்டார். அது முடிந்ததும் வரிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய், ஒவ்வொரு கட்டிடத்துக்கும் முன்னால் நின்று, புத்தகத்தைப் பார்ப்பார், கட்டிடத்தைப் பார்ப்பார். கோயில் கோபுரம் பார்க்கிற மாதிரி நிற்கிறார் என்று டீக்கடையில் கிண்டல் செய்தோம்.

முதலில் தன் வீட்டைத்தான் பார்த்திருக்கிறார். தகரக் கூரை என்று பதிவேட்டில் இருந்தது. அவர் தளம் போட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது. வரித் தண்டலரிடம் போய், “எனக்கு வரியக் கூட்டிப் போடுங்க” என்று மனு எழுதிக் கொடுத்தார். அந்த ஆள் என்னிடம் வந்து புலம்பினார். “கொறைக்கச் சொல்லித்தாண்ணே இருபது வருஷமா மனு வாங்குறேன். கூட்டச் சொல்லி வந்தா எந்த ஃபைல்ல வைக்கிறதுன்னே தெரியல.”

இந்த இடத்தில் என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெயின் ரோட்டில் இரண்டு மாடி. கீழே நாங்கள், மேலே இரண்டு குடித்தனம். பதிவேட்டில் அது என் அப்பா பெயரில், ஓட்டு வீடு. அப்பா இறந்து வருஷக்கணக்காகிவிட்டது, ஓடும் போய்விட்டது, பதிவேட்டில் மட்டும் இரண்டும் இருந்தன. பதினொண்ணுக்குக் கல்யாண மண்டபம் இருக்கிறது, அறுநூறு பேர் உட்காரலாம். அது பதிவேட்டில் மாட்டுக் கொட்டகை. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் எத்தனையோ விஷயத்துக்கு ஒருவரையொருவர் நாறடித்திருக்கிறோம், இதை மட்டும் எந்த மேடையிலும் தொட்டதில்லை.

பட்ஜெட் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு சாயங்காலம் எட்டு என் வீட்டுக்கு வந்தார். நோட்டோடு வந்தார். மனைவி காப்பி கொடுத்தாள். நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். மெயின் ரோட்டின் இரண்டு பக்கக் கட்டிடங்களையும் உள்ளது உள்ளபடி எழுதினாலே துண்டு அடைந்துவிடும் என்று இருந்தது. வரி விகிதத்தை ஏற்ற வேண்டாம். ஆளையும் நிறுத்த வேண்டாம். நான் அந்தப் பக்கத்தில் என் வீட்டைத் தேடினேன். ஏழாவது வரியில் இருந்தது.

“யாரு பேரையும் நான் சொல்ல மாட்டேண்ணே. ஊர்ல எல்லா வீட்டையும் அளக்கணும், மொதல்ல உறுப்பினருங்க பதினஞ்சு பேரு வீட்டுல ஆரம்பிக்கணும். அம்புட்டுத்தான் தீர்மானம். நான் முன்மொழியிறேன். வழிமொழிய ஒரு ஆள் வேணும். ஒருத்தரும் எந்திரிக்கலன்னா எடுத்துக்கவே மாட்டாக, புத்தகத்துலயும் ஏறாது.”

“ஏன் எங்கிட்ட வார?”

“நீங்கதான் வரிய ஏத்தக் கூடாதுன்னு சொல்றீங்க. ஆள நிறுத்தணும்னு சொன்னதும் நீங்கதான். இப்ப நிறுத்த வேண்டியதில்லல்ல?”

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அதோடு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பதினொண்ணின் மண்டபம் மாட்டுக் கொட்டகை என்று ஊரே சிரிக்கிற காட்சியும் மனதில் வந்து போனது. நம் வீட்டு வரி கூடினால் கூடிவிட்டுப் போகிறது என்று அந்த நேரத்தில் நிஜமாகவே தோன்றியது. “சரித்தா, நான் எந்திரிக்கிறேன். நீ தைரியமாப் போ” என்றேன். அவர் இரண்டு கையாலும் கும்பிட்டார். மனைவி அவரை வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

கூட்டத்தன்று காலையில் டீக்கடையில் பதினொண்ணு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எப்படித் தெரிந்ததோ தெரியவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே மெதுவாகப் பேசினார்.

“மாப்ள, எட்டு ஒங்க வீட்டுக்கு வந்துச்சாம்ல.”

“வந்துச்சு மச்சான்.”

“எம் மண்டபம் போகட்டும். நான் கட்டிட்டுப் போறேன். ஒங்க கட்சிக்காரய்ங்க ஏழு பேருல எத்தனை பேரு வீடு பதிவேட்டுல ஓட்டு வீடா இருக்குன்னு பாத்தீங்களா? நாளைக்கு ஒங்கள கட்சி ஆபீசுக்குள்ள விடுவாய்ங்களா? வரிய ஏத்துறத நாங்க விட்டுர்றோம். அந்த நாலு ஆளு, நீங்க சொன்னதுதான? அதுக்கு நாங்க கை தூக்குறோம். ரெண்டு பேருக்கும் மரியாதையா முடிஞ்சிரும்.”

என் டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

கூட்டத்தில் எட்டு எழுந்து தீர்மானத்தை வாசித்தார். நாலு வரிதான். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “வழிமொழியிறவங்க யாரு?” என்றார். நான் எனக்கு முன்னால் இருந்த அச்சடித்த பட்ஜெட் புத்தகத்தில் குடிநீர் விநியோகப் பக்கத்தைத் திறந்து வாசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று இப்போதுகூட வரிசையாகச் சொல்வேன். தலைவர் இரண்டாவது தடவையும் கேட்டார். எட்டு என் பக்கம் திரும்பினார் என்று தெரிந்தது, நான் நிமிரவில்லை. மூன்றாவது தடவை கேட்காமலே அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த பொருள் அந்த நாலு பேர். பதினாலு கை உயர்ந்தது. செலவுப் பட்டியலை விட்டால், நான்கு வருஷத்தில் இரண்டு கட்சியும் சேர்ந்து கை தூக்கிய முதல் தீர்மானம் அதுதான். எட்டு மட்டும், “நான் எதிர்க்கிறேன். அத எழுதிக்கங்க” என்றார். எழுதிக்கொண்டார்கள். வரி உயர்வை முறியடித்த வீரரே என்று மறுநாள் எனக்கு ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். துண்டு விழாத பட்ஜெட் தந்த தலைவரே என்று பக்கத்திலேயே அவர்களும் ஒட்டினார்கள்.

நாலு பேரில் இரண்டு பேர் கப்பலூரில் கம்பெனிகளில் கூட்டிப் பெருக்கப் போனார்கள். ஒருத்தர் மகன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். எங்கள் தெரு அம்மா மட்டும் எங்கும் போகவில்லை. “அய்யா, திருப்பி எடுப்பாகளா?” என்று என்னிடம் கேட்டார். “பாப்போம்” என்றேன். வாயில் வந்தது அதுதான். அதை நம்பிக்கொண்டு ஒரு மாதம் சம்பளமில்லாமல் எங்கள் தெருவைக் கூட்டினார். நான் வாசலுக்கு வந்து பல் தேய்ப்பதை நிறுத்திக்கொண்டேன், கொல்லைப் பக்கமே முடித்துக்கொண்டேன். ஒரு நாள் அவர் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

எட்டு என்னிடம் இதைப் பற்றிப் பேசுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். அவர் எப்போதும்போல “வாங்கண்ணே” என்றார், “வாரேண்ணே” என்றார். மிச்சமிருந்த காலமும் ஒவ்வொரு பில்லையும் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் கை தூக்கினார். தன் வீட்டுக்குக் கூட்டிப் போட்ட வரியை முதல் ஆளாகக் கட்டினார் என்று வரித் தண்டலர் சொன்னார். மன்றத்தின் காலம் முடிந்தது. அவரும் நிற்கவில்லை, எனக்கும் சீட்டுக் கிடைக்கவில்லை.

பல வருஷம் கழித்துப் போன மாதம்தான் அவரைத் திரும்பப் பார்த்தேன். முட்டி வலிக்காக நானும் மனைவியும் மதுரை கே.கே. நகரில் மகள் வீட்டில் வந்து இருக்கிறோம். பக்கத்தில் ஒரு கிளினிக். உள்ளே நுழையும்போதே கவுண்டரில் அந்தக் குரல் கேட்டது. “இதரச் செலவுன்னு போட்டிருக்கே, அது என்னதும்மா? எடுத்துக் காட்டுங்க.” கவுண்டரில் இருந்த பெண் விழித்துக்கொண்டிருந்தாள்.

தலை நரைத்திருந்தது. கடையை மூடிவிட்டாராம். கப்பலூரில் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறாராம். முட்டிக்கு என்ன எண்ணெய் தேய்க்கிறேன், மதினி எப்படி இருக்கிறார், பேரன் எத்தனை என்று எல்லாம் விசாரித்தார். நான்தான் தாங்க முடியாமல் ஆரம்பித்தேன்.

“தாயி, அன்னைக்கு நான் எந்திரிச்சிருக்கணும்.”

“விடுங்கண்ணே. எந்திரிச்சிருந்தாலும் தோத்துத்தான் போயிருப்போம். பதிமூணு பேரு இருந்தாகள்ல.”

“இருந்தாலும் ஒன்கிட்ட வாக்குக் குடுத்துட்டு…”

“நான் ஒங்களத் தப்பா நெனைக்கலண்ணே. மதினி அன்னைக்கே வாசல்ல வச்சுச் சொல்லிருச்சு. அவரு எந்திரிக்க மாட்டாரு, வேற ஆளப் பாருத்தான்னு. எனக்கு வேற ஆளு இல்ல.”

அவருடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். “வாரேண்ணே” என்று உள்ளே போனார். நான் டாக்டரைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எட்டைப் பார்த்ததைச் சொன்னேன். நல்லா இருக்காளா என்று கேட்டாள். நல்லா இருக்கிறார் என்றேன். “அன்னைக்கு அந்தம்மாகிட்ட, நான் எந்திரிக்க மாட்டேன்னு சொன்னியா?” என்று கேட்டேன்.

“ஆமா, சொன்னேன்” என்றாள். கையில் இருந்த வெங்காயத்தை உரித்து முடித்துத் தட்டில் போட்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “தப்பாவா சொன்னேன்?” என்றாள்.